கர்ப்பகாலப் பிறப்புறுப்புச் சுருள் சிரை

கர்ப்பகாலப் பிறப்புறுப்புச் சுருள் சிரை என்பது கருவுற்ற பெண்ணின் வெளிப் பிறப்புறுப்பில் உள்ள சிரைகள் விரிந்து, நெளிந்து, தோலுக்கு அடியில் புடைத்துக் காணப்படும் நிலை ஆகும். இது கால்களில் தோன்றும் சுருள் சிரை நோயின் வகையைச் சேர்ந்தது. கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு இந்நிலை ஏற்படுவதாக மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. முதல் கர்ப்பத்தைக் காட்டிலும் இரண்டாவது மற்றும் அதற்கு அடுத்த கர்ப்பங்களில், பெரும்பாலும் ஐந்தாம் மாத அளவில், இது தோன்றுகின்றது. பெரும்பாலான பெண்களுக்கு மகப்பேறு முடிந்த சில வாரங்களில் தானாகவே மறைந்துவிடுகின்றது. தாய்க்கோ குழந்தைக்கோ இதனால் ஆபத்து நேர்வது அரிது.

எனினும், நோயின் இடம் காரணமாகப் பல பெண்கள் இதை எவரிடமும் கூறுவதில்லை. வலியையும் பாரத்தையும் பெருமளவு தணிக்கக்கூடிய எளிய வழிகள் இருந்தும் அவை அவர்களைச் சென்றடைவதில்லை. நெடுநேரம் நின்று செய்யும் தொழில்கள் மிகுந்த மதுரை நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் இந்நிலை வேலை, ஓய்வு, சட்டம் ஆகியவற்றுடனும் தொடர்புடையதாகும்.

பெயர்

உடலின் பல பகுதிகளிலிருந்து இதயத்துக்குக் குருதியைத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய்கள் சிரைகள் எனப்படும். விரிந்து முறுக்கேறிய சிரை சுருள் சிரை எனப்படும். மருத்துவர்கள் பேச்சு வழக்கில் இதை வெரிகோஸ் வெயின் என்பர்.

தமிழ்நாட்டு மக்கள் வழக்கில் கால் சுருள் சிரை 'நரம்பு சுருட்டல்' என்றும் 'நரம்பு முடிச்சு' என்றும் அழைக்கப்படுகிறது. பேச்சுத் தமிழில் நரம்பு என்னும் சொல் குருதிக் குழாய், உணர்வு நரம்பு, தசைநாண் ஆகிய மூன்றையும் குறிக்கும். இதனால் குழப்பம் ஏற்படுவதுண்டு. சுருள் சிரை குருதிக் குழாயின் நோயேயன்றி நரம்பு மண்டலத்தின் நோய் அன்று. ஆகவே நரம்புத் தளர்ச்சிக்கென விற்கப்படும் சத்து மாத்திரைகளால் இது குணமாகாது. பிறப்புறுப்பில் தோன்றும் சுருள் சிரைக்கு மக்கள் வழக்கில் நிலைபெற்ற தனிப்பெயர் இல்லை. பெண்கள் பொதுவாக 'கீழே வீக்கம்', 'கீழே கனமாக இருக்கிறது' என்றே இதைக் குறிப்பிடுகின்றனர்.

சிரைகளின் அமைப்பும் இயக்கமும்

கால், இடுப்பு ஆகிய பகுதிகளில் உள்ள குருதி புவியீர்ப்பு விசையை எதிர்த்து மேல்நோக்கிச் செல்ல வேண்டியுள்ளது. இதற்கு உதவியாகப் பல சிரைகளின் உட்புறத்தில் ஒருவழி அடைப்பிதழ்கள் அமைந்துள்ளன. இவை குருதியை மேலே செல்ல விடும். கீழே இறங்க விடா. இத்தாலிய உடற்கூற்றியலாளர் பப்ரீசியசு 1603இல் இவ்வடைப்பிதழ்களை விவரித்து நூல் வெளியிட்டார். அவருடைய மாணவரான வில்லியம் ஆர்வி 1628இல் குருதிச் சுற்றோட்டத்தை விளக்கியபோது இவற்றின் உண்மையான பணியை எடுத்துக்காட்டினார்.

வெளிப் பிறப்புறுப்பின் குருதி ஒரே வழியில் வடிவதில்லை. ஒரு பகுதி இடுப்பறைக்குள் உள்ள உள் இடுப்புச் சிரையைச் சேர்கிறது. மற்றொரு பகுதி தொடையின் உட்புறத்தில் ஓடும் பெருஞ்சிரையைச் சேர்கிறது. இவ்விரண்டும் சூலகச் சிரைகளுடனும் கருப்பையைச் சூழ்ந்த சிரை வலையுடனும் கிளைகளால் இணைந்துள்ளன. இடுப்பறைக்குள் அழுத்தம் உயரும்போது அது இக்கிளைகள் வழியாகப் பிறப்புறுப்பின் மென்மையான தோலுக்கு அடியில் உள்ள சிரைகளை எட்டுகிறது. கால் சிரைகளைச் சுற்றி வலிமையான தசைகள் இருப்பது போல இங்குள்ள சிரைகளைச் சுற்றி இல்லாமையால் இவை எளிதில் விரிகின்றன.

காரணங்கள்

கர்ப்பகாலத்தில் மூன்று மாற்றங்கள் ஒன்றுசேர்ந்து இந்நிலையை உண்டாக்குகின்றன.

* குருதியின் அளவு: கர்ப்பத்தின் எட்டாம் மாத அளவில் பெண்ணின் உடலில் உள்ள குருதியின் கன அளவு முன்பிருந்ததைவிட 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. கருப்பைக்குச் செல்லும் குருதியும் பன்மடங்கு பெருகுகிறது. இக்குருதி முழுவதும் இடுப்புச் சிரைகள் வழியாகவே திரும்ப வேண்டும்.
* இயக்குநீர்: கர்ப்பகாலத்தில் மிகுதியாகச் சுரக்கும் புரோசெசுத்திரோன் சிரைச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. தளர்ந்த சிரை விரியும்போது அடைப்பிதழ்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகுகின்றன. குருதி பின்னோக்கி வழிகிறது.
* கருப்பையின் அழுத்தம்: வளரும் கருப்பை இடுப்புச் சிரைகளையும் கீழ்ப் பெருஞ்சிரையையும் அழுத்துகிறது. மல்லாந்து படுக்கும்போது இவ்வழுத்தம் மிகும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கும்போது குறையும்.

முன்பே கால்களில் சுருள் சிரை உள்ளவர்கள், தாய் அல்லது உடன்பிறந்தவருக்கு இந்நோய் இருந்தவர்கள், பல முறை கருவுற்றவர்கள், நெடுநேரம் நின்று வேலை செய்பவர்கள், நீடித்த மலச்சிக்கல் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது தோன்றும் வாய்ப்பு மிகுதி. உண்ட உணவோ, நடந்த நடையோ, கணவன் மனைவி உறவோ இந்நோயை உண்டாக்குவதில்லை. இது பால்வினை நோயும் அன்று. தொற்றும் தன்மையும் அற்றது.

அறிகுறிகள்

சிலருக்கு எவ்வித உணர்வும் இராது. மருத்துவப் பரிசோதனையின்போதே தெரியவரும். மற்றவர்களுக்குப் பின்வரும் அறிகுறிகள் காணப்படலாம்.

* பிறப்புறுப்பின் ஒரு பக்கத்திலோ இரு பக்கங்களிலோ மென்மையான, நீலம் கலந்த புடைப்பு
* கீழ்நோக்கி இழுப்பது போன்ற பாரம், நிறைந்திருப்பது போன்ற உணர்வு
* அரிப்பு, எரிச்சல், மந்தமான வலி
* நடக்கும்போதும் உறவின்போதும் அசௌகரியம்
* தொடையின் உட்புறத்திலும் பிட்டத்திலும் சுருள் சிரைகள். சிலருக்கு மூல நோயும் உடன் இருத்தல்

இவ்வறிகுறிகள் நாளின் போக்கில் மாறுவது இந்நோயின் சிறப்பியல்பாகும். காலையில் எழும்போது வீக்கம் குறைந்து காணப்படும். நின்று வேலை செய்யச் செய்ய மிகுந்து, மாலையில் உச்சத்தை அடையும். படுத்தபின் மீண்டும் தணியும். இருமும்போதும் முக்கும்போதும் புடைப்பு பெரிதாகும்.

நோயறிதல்

பெரும்பாலும் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் இந்நோய் அறியப்படுகிறது. படுத்த நிலையில் சிரைகள் சுருங்கிவிடுவதால், மேசையில் படுக்கவைத்து மட்டும் பார்க்கும் பரிசோதனையில் இது தவறிப்போகக்கூடும். எனவே பெண்ணை நிற்கவைத்தும் பார்த்தல் வேண்டும். விரலால் அழுத்தினால் புடைப்பு அமுங்கி, விட்டவுடன் மீண்டும் நிரம்பும்.

ஐயம் இருப்பின் குருதியோட்டத்தைக் காட்டும் டாப்ளர் மீயொலிப் பரிசோதனை செய்யப்படுகிறது. இதில் கதிர்வீச்சு இல்லாமையால் கருவுக்குத் தீங்கு இல்லை. பிறப்புறுப்பு வாயிலருகே தோன்றும் சுரப்பிக் கட்டி, சீழ்க்கட்டி, குடலிறக்கம் ஆகியவற்றிலிருந்து இதை வேறுபடுத்தி அறிய வேண்டும். கர்ப்பகாலத்தில் கவட்டையில் தோன்றும் புடைப்பு சில வேளைகளில் குடலிறக்கம் எனத் தவறாகக் கருதப்பட்டு அறுவைக்குப் பரிந்துரைக்கப்படலாம். அது கருப்பையின் உருள் இணையத்தைச் சார்ந்த சுருள் சிரையாக இருப்பின் டாப்ளர் பரிசோதனை அதைக் காட்டிவிடும், அறுவை தேவைப்படாது.

மதுரை வட்டாரத்தின் சூழல்

இந்நோய் உலகெங்கும் கருவுற்ற பெண்களுக்கு ஏற்படுவதாகும். இதை மிகுவிக்கும் காரணிகள் மட்டும் ஊருக்கு ஊர் வேறுபடும். மதுரை வட்டாரத்தில் அவற்றுள் முதன்மையானது நெடுநேரம் நிற்றலாகும்.

விளக்குத்தூண், மாசி வீதிகள் முதலிய கடைத்தெருக்களில் உள்ள துணிக்கடைகளிலும் பாத்திரக்கடைகளிலும் பல பெண்கள் விற்பனையாளராகப் பணிபுரிகின்றனர். பண்டிகைக் காலங்களில் இவர்கள் நாள் முழுதும் நின்றே வேலை செய்ய நேர்கிறது. வைகை, பெரியாறு பாசனம் பெறும் சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர் பகுதிகளில் நாற்று நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களின் வேலைகளாகும். சேற்றில் கால் புதைய, இடுப்பை வளைத்து மணிக்கணக்கில் நிற்கும்போது கால் தசைகள் குருதியை மேலே தள்ளும் இயக்கம் குறைகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, மொட்டு மலர்வதற்கு முன் பறிக்கப்பட வேண்டியதாகும். திருமங்கலம், உசிலம்பட்டி, திருப்பரங்குன்றம் வட்டாரங்களில் மல்லிகை பறிப்பவர்கள் விடியும் முன்பே தோட்டத்தில் நின்று குனிந்து வேலை தொடங்குகின்றனர்.

வெப்பமும் ஒரு காரணியாகும். மதுரையில் கோடையில் பகல் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்கள் உண்டு. வெப்பத்தில் தோலடிச் சிரைகள் விரிவதால் வீக்கமும் அரிப்பும் கூடுகின்றன. அதே வெப்பத்தால் இறுக்கக் காலுறைகளை நாள் முழுதும் அணிவதும் கடினமாகிறது. தரையில் குந்தி உட்கார்ந்து பாத்திரம் துலக்குதல், துணி துவைத்தல், கோலமிடுதல் ஆகிய வீட்டு வேலைகளும் இடுப்பறையின் அழுத்தத்தை உயர்த்துகின்றன.

கர்ப்பகாலத்தில் தணிக்கும் முறைகள்

கர்ப்பகாலத்தில் இச்சிரைகளை அகற்றவோ அடைக்கவோ முயல்வதில்லை. பெரும்பாலும் தானே மறையக்கூடிய நோய் என்பதும், கர்ப்பம் தொடரும்வரை புதிய சிரைகள் விரியக்கூடும் என்பதும் இதற்குக் காரணங்களாகும். சிரைகள் மீதுள்ள அழுத்தத்தைக் குறைப்பதே நோக்கம். உலக சுகாதார அமைப்பு 2016இல் வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்புப் பரிந்துரைகளிலும் சுருள் சிரைக்கும் வீக்கத்துக்கும் இறுக்கக் காலுறை, காலை உயர்த்தி வைத்தல், நீரில் அமிழ்ந்திருத்தல் ஆகிய மருந்தில்லா வழிகளே கூறப்பட்டுள்ளன.

* ஓய்வு நிலை: இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தல் நன்று. பகலில் இரண்டு மூன்று முறை, கால்களுக்கு அடியில் தலையணையோ மடித்த போர்வையோ வைத்து 15 நிமிட அளவு படுத்திருப்பது பாரத்தைக் குறைக்கும்.
* நிற்றலும் இருத்தலும்: ஒரே நிலையில் நீடித்து நிற்பதையும் உட்கார்ந்திருப்பதையும் தவிர்க்க வேண்டும். நின்றே ஆக வேண்டிய இடத்தில் குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவதும், அவ்வப்போது சில அடிகள் நடப்பதும் கெண்டைக்கால் தசையை இயக்கிக் குருதியை மேலே தள்ளும். சமைக்கும்போதும் காய் நறுக்கும்போதும் முக்காலியில் அமரலாம். தரையில் குந்துவதற்குப் பதிலாகத் தாழ்வான பலகையில் அமர்ந்து துணி துவைக்கலாம்.
* தாங்குபட்டை: பிறப்புறுப்பைக் கீழிருந்து தாங்கும் அழுத்தம் உடனடி ஆறுதல் தரக்கூடியது. இடுப்புக் கச்சையுடன் இணைந்து, கோவணம் போன்ற அமைப்புடைய தாங்குபட்டைகள் இதற்கென விற்கப்படுகின்றன. அவை கிடைக்காதபோது, இறுக்கமான பருத்தி உள்ளாடைக்குள் மடித்த தூய பருத்தித் துணியையோ தடித்த மாதவிடாய் அணையாடையையோ வைத்து அணிவதும் ஓரளவு பயன் தரும். படுக்கும்போது இதைக் கழற்றிவிட வேண்டும். வியர்வையில் நனைந்த துணியை உடனுக்குடன் மாற்றாவிடில் பூஞ்சைத் தொற்று ஏற்படலாம்.
* குளிர் ஒத்தடம்: பனிக்கட்டியையோ குளிர்ந்த நீரில் நனைத்த துணியையோ மெல்லிய துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடங்கள் வைக்கலாம். பனிக்கட்டி நேரடியாகத் தோலில் படுதல் கூடாது. வெந்நீர் ஒத்தடம் சிரைகளை மேலும் விரிக்கும்.
* நடையும் நீரும்: அன்றாட மித நடை நல்லது. தூய்மையான நீச்சல் குளத்தில் மார்பளவு நீரில் நிற்பதும் நடப்பதும் நீரின் அழுத்தத்தால் வீக்கத்தைக் குறைக்கும். வழுக்கும் படிகளையுடைய கிணறும் கண்மாயும் கருவுற்றவர்க்கு ஏற்றவை அல்ல.
* மலச்சிக்கல் தவிர்த்தல்: முக்குவதால் இடுப்புச் சிரைகளின் அழுத்தம் சட்டென உயர்கிறது. கீரை, வாழைத்தண்டு, அவரை, கொய்யா, கம்பு, கேழ்வரகு முதலியவையும் போதிய நீரும் உதவும். கர்ப்பகாலத்தில் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையால் சிலருக்கு மலம் இறுகும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாமல் செவிலியரிடம் கூறி மலமிளக்கி பெறுதல் வேண்டும்.

அரிப்புக்கெனக் கடைகளில் விற்கும் களிம்புகளை மருத்துவரிடம் காட்டாமல் பூசுதல் கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் மருத்துவரின் ஆலோசனையுடன் எடுக்கலாம். ஐபுபுரோபேன், டைக்குளோபினாக் போன்ற வலி நீக்கிகள் 20ஆம் வாரத்துக்குப் பின் கருவின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல் எச்சரித்தது. சிரைகளுக்கென விற்கப்படும் மாத்திரைகளின் பாதுகாப்பு கர்ப்பகாலத்தில் போதிய அளவு நிறுவப்படவில்லை. புடைத்த சிரையை ஊசியால் குத்துதல், அட்டை விடுதல், அழுத்தி நீவுதல் ஆகியவை குருதிப் பெருக்கையும் தொற்றையும் உண்டாக்கக்கூடியவை.

மகப்பேற்றின்போது

பிறப்புறுப்பில் சுருள் சிரை இருப்பது மட்டுமே சிசேரியன் அறுவைக்குக் காரணம் ஆகாது. இச்சிரைகளில் குருதி குறைந்த அழுத்தத்தில் மெதுவாக ஓடுவதால், இயல்பான பிரசவத்தில் பெரும் குருதிப்போக்கு நேர்வது அரிது. ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 44.9 விழுக்காட்டுப் பிறப்புகள் சிசேரியன் மூலம் நிகழ்ந்தன. எனவே அறுவை பரிந்துரைக்கப்படும்போது அதன் காரணத்தைக் குடும்பத்தினர் கேட்டறிந்துகொள்வது பயனுள்ளது.

ஆனால் பிரசவம் பார்ப்பவர் இந்நிலையை முன்பே அறிந்திருக்க வேண்டும். குழந்தை வெளிவரும்போது வாயிலில் வெட்டு இட நேர்ந்தால் புடைத்த சிரைகளைத் தவிர்த்து இட வேண்டும். சிரை கிழிந்தால் அழுத்தியும் தையலிட்டும் குருதியை நிறுத்தலாம்; ஆயத்தமாக இருப்பின் இது கடினமன்று. கர்ப்பகாலத்தில் கூச்சத்தால் மறைத்துவைத்த செய்தி பிரசவ மேசையில் முதன்முறையாகத் தெரியவருவதே தவிர்க்கப்பட வேண்டியதாகும். தாய் சேய் நல அட்டையில் இது பற்றி ஒரு வரி எழுதச் செய்துகொண்டால், எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் பணியில் உள்ளவர் அறிந்துகொள்வார்.

மகப்பேற்றுக்குப் பின்

குழந்தை பிறந்தவுடன் கருப்பையின் அழுத்தம் நீங்குகிறது. இயக்குநீர்களின் அளவும் குருதியின் கன அளவும் படிப்படியாகக் குறைகின்றன. பெரும்பாலோருக்கு முதல் சில நாட்களிலேயே பாரம் குறைந்து, ஆறு வாரங்களுக்குள் புடைப்பு மறைகிறது.

இக்காலத்தில் வீட்டில் கடைப்பிடிக்கப்படும் சில வழக்கங்கள் கவனத்துக்குரியவை. பத்தியம் என்ற பெயரில் நீரையும் காய்கறியையும் குறைத்தால் மலச்சிக்கல் ஏற்படும். தாய்ப்பால் ஊட்டும் பெண்ணுக்கு நீர்த்தேவையும் கூடுதலாகும். வயிற்றில் துணியை மிக இறுக்கிக் கட்டுவது வயிற்றறையின் அழுத்தத்தைக் கீழ்நோக்கித் தள்ளும். மிகச் சூடான நீரை இடுப்பில் ஊற்றுவது சிரைகளை விரிக்கும். மாறாக, தாய்வீட்டில் ஓய்வெடுக்கும் வழக்கம் இந்நோய்க்கு நன்மை தருவதாகும். ஆயினும் முழுநேரமும் படுத்தே இருத்தல் கூடாது. மகப்பேற்றுக்குப் பின் ஆறு வாரங்கள் வரை கால் சிரைகளில் குருதி உறையும் வாய்ப்பு மிகுதியாக இருப்பதால், சிறிது சிறிதாக எழுந்து நடக்க வேண்டும்.

கருத்தடை முறையைத் தேர்ந்தெடுக்கும்போதும் மருத்துவரிடம் இது பற்றிக் கூறுதல் நலம். சுருள் சிரை இருப்பது மட்டுமே கருத்தடை மாத்திரைக்குத் தடையன்று. ஆழ்சிரையில் குருதி உறைந்த வரலாறு இருப்பின் ஈத்திரோசன் கலந்த மாத்திரைகள் தவிர்க்கப்படுகின்றன.

அடுத்த கர்ப்பத்தில் இந்நோய் மீண்டும் தோன்றக்கூடும். முன்னதைவிட விரைவாகவும் தோன்றலாம். அதை எதிர்பார்த்துத் தொடக்கத்திலிருந்தே தாங்குபட்டை, ஓய்வு ஆகியவற்றைக் கடைப்பிடித்தால் துன்பம் குறையும்.

நீடிக்கும் நிலையில் சிகிச்சை

சில மாதங்கள் கழித்தும் புடைப்பும் வலியும் நீங்காவிடில், இடுப்பறைக்குள் உள்ள சிரைகளின் செயலிழப்பு காரணமாக இருக்கலாம். டாப்ளர் பரிசோதனைக்குப் பின், தேவைப்பட்டால் காந்த அதிர்வு அல்லது கணினித் தளவரைவு மூலம் இடுப்புச் சிரைகள் ஆராயப்படுகின்றன. பின்வரும் சிகிச்சைகள் உள்ளன.

* ஊசிவழிச் சிகிச்சை: சிரைக்குள் மருந்தைச் செலுத்தி அதன் உட்சுவர்களை ஒட்டச்செய்தல். பொலிடோக்கனால், சோடியம் டெட்ராடெசில் சல்பேட் ஆகிய மருந்துகள் பயன்படுகின்றன. மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை.
* சிரை அகற்றல்: சிறு துளைகள் வழியாகப் புடைத்த சிரைகளை அகற்றுதல்.
* சூலகச் சிரை அடைப்பு: கழுத்து அல்லது தொடைச் சிரை வழியாக நுண்குழாயைச் செலுத்தி, செயலிழந்த சூலகச் சிரையைக் கம்பிச் சுருளால் அடைத்தல். நீடித்த இடுப்பு வலிக்கு இம்முறை வெற்றி அளித்தமை 1993இல் முதன்முதலாக மருத்துவ இதழில் பதிவானது.

மேலும் குழந்தை பெற விரும்பும் பெண்கள் இச்சிகிச்சையின் காலத்தை மருத்துவருடன் கலந்து முடிவு செய்ய வேண்டும். உள்ளே உள்ள காரணத்தைக் களையாமல் வெளியே தெரியும் சிரையை மட்டும் அகற்றினால் நோய் திரும்பக்கூடும்.

உடனடி மருத்துவம் தேவைப்படும் அறிகுறிகள்

பின்வருவன காணப்பட்டால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

* மென்மையாக இருந்த புடைப்பு திடீரெனக் கடினமாகி, சிவந்து, கடுமையாக வலித்தல் (சிரையில் குருதி உறைந்திருக்கலாம்)
* புடைப்பிலிருந்து குருதி வழிதல். செல்லும்வரை தூய துணியால் அவ்விடத்தை அழுத்திப் பிடித்து, படுத்து, இடுப்பை உயர்த்தி வைக்க வேண்டும்
* ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஏற்படுதல்
* மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, இருமும்போது குருதி வருதல்
* காய்ச்சலுடன் சீழ் வடிதல்

தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் 108 ஊர்திச் சேவையை இத்தகைய நேரங்களில் கட்டணமின்றி அழைக்கலாம். ஆழ்சிரையில் குருதி உறைந்திருப்பது உறுதியானால், கர்ப்பகாலத்தில் எப்பாரின் வகை ஊசி மருந்து தரப்படுகிறது. அது நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைவதில்லை.

மருத்துவ வசதிகள்

சமவெளிப் பகுதிகளில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையமும் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும் அமைய வேண்டும் என்பது இந்திய அரசின் வரையறை ஆகும். கருவுற்ற பெண் முதலில் சந்திப்பவர் துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதாரச் செவிலியர் ஆவார். 2016இல் தொடங்கப்பட்ட பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின் கீழ், நான்காம் மாதத்துக்கு மேற்பட்ட கருவுற்ற பெண்களை ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் மருத்துவர் இலவசமாகப் பரிசோதிக்க வழி செய்யப்பட்டது. இந்நோய் தோன்றும் காலமும் இதுவே ஆகும்.

கூடுதல் பரிசோதனை தேவைப்படுவோர் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி ஆகிய ஊர்களின் அரசு மருத்துவமனைகளுக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ அனுப்பப்படலாம். இராசாசி மருத்துவமனை முன்பு எர்சுகின் மருத்துவமனை எனப்பட்டது. 1954இல் தொடங்கப்பட்ட மதுரை மருத்துவக் கல்லூரியுடன் இணைந்தது.

ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பிறப்புகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. ஆகவே ஏறக்குறைய எல்லாப் பெண்களும் கர்ப்பகாலத்தில் செவிலியரையோ மருத்துவரையோ சந்திக்கின்றனர். எடை, குருதியழுத்தம், குருதிச்சோகை ஆகியவற்றுடன் 'கீழே வீக்கமோ பாரமோ உண்டா' என்ற ஒரு கேள்வியும் கேட்கப்பட்டால், தாமாகச் சொல்லத் தயங்கும் பெண்களின் நோயும் தெரியவரும். ஆண் மருத்துவரிடம் கூறத் தயங்குவோர் பெண் செவிலியரிடம் கூறலாம். பரிசோதனையின்போது பெண் பணியாளர் ஒருவர் உடனிருக்குமாறு கேட்பதும் முறையே.

பணியிடமும் சட்டமும்

இந்நோய்க்கான முதன்மையான மருந்து ஓய்வு என்பதால் தொழிலாளர் சட்டமும் இதில் இடம்பெறுகிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், கருவுற்ற பெண் கோரினால் கடினமான வேலையையோ நெடுநேரம் நிற்க வேண்டிய வேலையையோ அவளுக்கு அளித்தல் கூடாது என விதித்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இவ்விதி இடம்பெற்றது. ஆனால் இப்பாதுகாப்பு எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு முந்தைய ஆறு வாரங்களுக்கும், அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்கும் மட்டுமே உரியது. சுருள் சிரை ஐந்தாம் மாதத்திலேயே தோன்றக்கூடியதாகையால், தொடக்க மாதங்களின் துன்பம் இவ்விதியின் எல்லைக்குள் வருவதில்லை.

இக்குறையை ஓரளவு நிரப்புவது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்யப்பட்ட திருத்தமாகும். கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரியும் அனைவருக்கும், வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்வதற்கு இருக்கை வசதி செய்து தரப்பட வேண்டும் என்று இது கூறுகிறது. இதற்கான சட்ட முன்வரைவு 2021 செப்டம்பர் 6 அன்று சட்டமன்றத்தில் அறிமுகப்படுத்தப்பட்டது. கேரளம் 2018இல் இத்தகைய திருத்தத்தைச் செய்தது. இவ்வுரிமை கர்ப்பகாலம் முழுமைக்கும் பொருந்துவதுடன், நோயைப் பற்றி முதலாளியிடமோ மேற்பார்வையாளரிடமோ எதுவும் கூறாமலேயே கோரக்கூடியது என்பதால் கடைப் பணியாளர்களுக்குப் பெரிதும் பயனுடையதாகும்.

வயலிலும் தோட்டத்திலும் கூலி வேலை செய்யும் பெண்களுக்கு இவ்விரு விதிகளும் எட்டுவதில்லை. அவர்களைப் பொறுத்தவரை நடவுக்குப் பதிலாக அமர்ந்து செய்யும் வேலையை ஒதுக்குதல், மதிய வெயிலில் ஒரு மணி நேரம் படுக்க விடுதல் போன்றவை குடும்பத்தினரின் புரிதலையும் உடன் வேலை செய்வோரின் புரிதலையும் பொறுத்தே அமைகின்றன. கருவுற்ற பெண் கால் நீட்டிப் படுப்பது இந்நோயில் சோம்பலாகாது, அதுவே சிகிச்சையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* சுருள் சிரை நோய்
* மூல நோய்
* கர்ப்பம்
* ஆழ்சிரைக் குருதியுறைவு
* மதுரை மருத்துவக் கல்லூரி